சுண்டு, ஈர்க்கு, முற்றத்து வெயில்: சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு வீட்டில் என்ன செய்யலாம்?

"நான் ஆறாம் வகுப்போட விட்டனான். இப்பத்தைப் புத்தகம் எனக்கு விளங்காது. பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?" வன்னியில், விசுவமடுவில், ஒட்டுசுட்டானில், நெடுங்கேணியில், பெற்றோர் கூட்டம் எங்கே நடந்தாலும் பின்வரிசையில் இருக்கும் ஒரு தாய் இதைச் சொல்வார். சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்று தரம் 3, தரம் 4 இல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் 1990ஐ அண்டிப் பிறந்தவர்கள். அவர்கள் அரிவரிக்குப் போன காலத்தில் 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. மர நிழலிலும் தறப்பாளின் கீழும் படித்தார்கள். பிறகு 2008, 2009 இறுதிப் போர். பள்ளிக்கூடம் அவர்களை விட்டு ஓடியதே தவிர, அவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடவில்லை. அந்த நிலையிலும் 2009 ஆகஸ்டில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குள் இருந்தபடியே பிள்ளைகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள்.

அந்தத் தாய்மாருக்காகவும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாமாருக்காகவும்தான் இந்த விளக்கம். ஆரம்பப் பிரிவுப் பிள்ளையோடு வீட்டில் செய்யக்கூடியவற்றுக்குப் பாடப்புத்தகம் தெரிந்திருக்கத் தேவையில்லை. தாய்மொழி, கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், சமயம், ஆங்கிலம், இரண்டாம் மொழியாகச் சிங்களம் என்று பள்ளிக்கூடம் பிரித்து வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் உரிய சாமான்கள் குசினியிலும் வளவிலும் கிடக்கின்றன. பெரியவர் செய்ய வேண்டிய வேலை இரண்டுதான்: கேட்பது, பிள்ளை பதில் சொல்லும்வரை பொறுத்திருப்பது. இரண்டாவதுதான் கடினம்.

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் நாட்களும் எங்களுக்குப் புதிதல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய பள்ளிக்கூடங்கள் திறந்தும் மூடியுமாக இருந்தன. 200 பேருக்குக் குறைவான ஆரம்பப் பாடசாலைகள் மீண்டும் தொடங்கியது 2021 ஒக்டோபர் 21ஆம் திகதிதான். அந்தக் காலத்தில் வட்ஸ்அப்பில் பாடம் வந்தது. ஆனால் வீட்டில் ஒரு போன், அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும்; கவரேஜுக்காக மரத்தில் ஏறிய பிள்ளைகளும் இருந்தார்கள். 2022 இல் எரிபொருள் இல்லாமல் மூடினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மாரியில் குளம் வான் பாய்ந்து பாதை மூடினால் எந்த ஆண்டிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் இதே கொரோனா இடைவெளியை நிரப்ப 2021 ஒக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஊர்த் தன்னார்வலர்களை மாலையில் பிள்ளைகளிடம் அனுப்பினார்கள். எங்கள் ஊர்களில் தன்னார்வலர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஆள் இருக்கிறார்.

கணிதத்தில் தொடங்குவோம், பிள்ளைகள் முதலில் இடறுவது அங்கேதான்.

சோறு போட அரிசி அளக்கும் நேரத்தில் பிள்ளையைக் கூப்பிடுங்கள். "இண்டைக்கு மாமாவும் வாறார். ஏழு பேர். எத்தினை சுண்டு போடுவம்?" பிள்ளை ஒரு எண்ணைச் சொல்லட்டும். சரியோ பிழையோ, ஊகித்துச் சொல்வதே முதல் படி. பிறகு அளக்கட்டும். கொத்து இருந்தால் அதற்குள் எத்தனை சுண்டு பிடிக்கிறது என்று கொட்டிப் பார்க்கட்டும். நாலு சுண்டு ஒரு கொத்து என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. கால், அரை, முக்கால் என்பவை புத்தகத்தில் வட்டத்தைப் பிரித்துக் காட்டும்போது விளங்காத பிள்ளைக்கு, சுண்டை அரைவாசி நிரப்பும்போது விளங்கிவிடும். ஒரு சுண்டு கால் கொத்து, இரண்டு சுண்டு அரைக் கொத்து. பின்னக் கணக்கு முழுவதும் அங்கே இருக்கிறது.

அடுத்தது ஈர்க்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், தரம் 2, 3 பிள்ளைகள் கழித்தலில் விடும் பிழையில் பெரும்பகுதி இதனால் தீரும். 42 இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். கவனயீனம் என்று குட்டுவதற்கு முன் பாருங்கள்: இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதிவிட்டது, நாலில் ஒன்று போக மூன்று. பிள்ளைக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அது பிழையான நியாயம். "பக்கத்தில கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுத்தாலும் அது மந்திரமாகத்தான் மனதில் நிற்கும்.

விளக்குமாறு கட்ட வார்ந்த ஈர்க்கில் கொஞ்சத்தை எடுத்து விரல் நீளத்துக்கு முறியுங்கள். பத்துப் பத்தாக வாழைநாரால் கட்டுங்கள். நாலு கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் 42. இப்போது "இதில பதினேழை எனக்குத் தா" என்று கேளுங்கள். பிள்ளை ஒரு கட்டைத் தரும். பிறகு ஏழு தனி ஈர்க்கு வேண்டும், கையில் இரண்டுதான் இருக்கிறது. அங்கே நிற்கும். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை உங்களைப் பார்க்கும், கட்டைப் பார்க்கும், "அவிழ்க்கட்டோ?" என்று கேட்கும். அவிழ்த்ததும் பன்னிரண்டு தனி ஈர்க்கு. அதில் ஏழு போக ஐந்து. மிச்சம் இரண்டு கட்டு. 25. பிறகு அதையே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கட்டை அவிழ்த்த கைக்கு, நாலை வெட்டி மூன்றாக்குவது ஏன் என்று தெரிந்திருக்கும்.

தரம் 5 பிள்ளைக்கு இதையே குளத்தில் வைத்துக் கேட்கலாம். கிளிநொச்சியில் மழை பெய்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது "இரணைமடு எத்தினை அடி?" என்றுதான். நிரம்பினால் 36 அடி. இன்று 22 அடி 6 அங்குலம் என்றால் நிரம்ப இன்னும் எவ்வளவு? இங்கே ஒரு கட்டை அவிழ்த்தால் பத்து வராது, பன்னிரண்டு வரும். 13 அடி 6 அங்குலம். பள்ளிக்கூடத்தில் சென்ரிமீற்றர், வயலிலும் குளத்திலும் அடி என்று பிள்ளை குழம்பினால் அடிமட்டத்தைத் திருப்பிக் காட்டுங்கள்: ஒரு விளிம்பில் 30 சென்ரிமீற்றர், மறு விளிம்பில் 12 அங்குலம், ஏறத்தாழ ஒரே நீளம். காணிக் கணக்கும் இப்படித்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் பெரியம்மா பரப்பில் சொல்வார், நாங்கள் ஏக்கரில் சொல்வோம். 16 பரப்பு ஓர் ஏக்கர். பெரியம்மாவின் நாலு பரப்பு எத்தனை ஏக்கர் என்று அவரே பிள்ளையிடம் கேட்கட்டும்.

வாசிப்புக்கு வருவோம். தரம் 1, 2 பிள்ளை புத்தகத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டும். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்து போவோம். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அதே பக்கத்தில் கடைசி வரியில் நடுவில் உள்ள ஒரு சொல்லை விரலால் தொட்டு, "இது என்ன?" என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் அந்தச் சொல் வருகிறது என்றால், பிள்ளை பாடத்தைப் பாடமாக்கியிருக்கிறது, வாசிக்கவில்லை. பெற்றோர் கவனிக்கத் தவறுவதும் ஆண்டுகளை வீணாக்குவதும் இந்த ஓர் இடந்தான். தரம் 4 வரை இப்படியே வந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதற்கு மருந்து, பிள்ளை முன்பே கேட்டிராத எழுத்து. தேயிலைப் பைக்கற், சவர்க்கார உறை, சீமெந்துப் பை, பழைய பத்திரிகை, சுவரில் தொங்கும் நாட்காட்டி, பேருந்தின் முன்பலகை. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் தாளைக் கிழிக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுத்து, அன்றைய கிழமை, திகதி, திதி, விரதம் எல்லாவற்றையும் அம்மம்மாவுக்கு வாசித்துச் சொல்லும் பொறுப்பையும் கொடுங்கள். கண் மங்கிய அம்மம்மாவுக்குப் பிள்ளையின் வாசிப்பு உண்மையிலேயே வேண்டும். தன் வாசிப்பு ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்று தெரிந்த பிள்ளை கவனமாக வாசிக்கும்.

எழுத்துக்கு, பிள்ளை சொல்வதை முதலில் நீங்கள் எழுதுங்கள். "நேற்று நாங்கள் வற்றாப்பளைக்குப் போனனாங்கள்" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். பிறகு பிள்ளை அதைப் பார்த்து எழுதட்டும், வாசிக்கட்டும். "போனோம்" என்று திருத்துவதை ரீச்சர் பார்த்துக்கொள்வார். முதல் நாளே சிவப்புப் பேனை எடுத்தால் பிள்ளை அடுத்த முறை இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். எழுதத் தெரியாத தாய் என்றால், பிள்ளை எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாலே போதும், "பிறகு என்ன நடந்தது?" என்ற ஒரு கேள்வி அடுத்த வசனத்தைக் கொண்டுவரும்.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 'எனது குடும்பம்' என்று படம் ஒட்டச் சொல்லியோ, தாத்தா பாட்டியிடம் பழைய கதை கேட்டு எழுதச் சொல்லியோ வகுப்பில் வேலை கொடுப்பார்கள். வேறு மாவட்டத்தில் அது அரை மணி நேர வேலை. வன்னியில் பல வீடுகளில் அந்தப் படத்தில் வெற்றிடம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்துக்குப் போய்வந்த அம்மம்மாவின் பேரப்பிள்ளைதான் அந்தக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு "அம்மப்பா எங்க?" என்று கேட்கிறது. பதில் சொல்வதா, எவ்வளவு சொல்வது என்பதை அந்த வீடே தீர்மானிக்க வேண்டும். ஆனால் பொய் சொல்ல வேண்டாம், அதட்டவும் வேண்டாம். "சண்டைக்குள்ள காணாமல் போனவர். நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறம்" என்ற ஒரு நேரான வசனம் எட்டு வயதுக்குப் போதும். படம் இல்லையென்றால் பெயரை எழுதலாம், பூ வரையலாம். பெரியவருக்குச் சொல்லச் சொல்ல நெஞ்சு அடைக்கிறது என்றால் அன்று அந்தப் பேச்சை விட்டுவிட்டு, முதல் நெல்லு வெட்டின கதையையோ பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குப் போன கதையையோ சொல்லலாம். அதுவும் குடும்ப வரலாறுதான். ஆசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் அவரும் பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்திக் கேட்க மாட்டார்.

சுற்றாடல் பாடத்துக்கு முற்றமே வகுப்பறை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 12 முதல் 15 வரையிலான நாட்களில், நண்பகல் 12 மணி 10 நிமிடம் அளவில் ஒரு தடியை நிமிர்த்தி ஊன்றிப் பாருங்கள். நிழல் அடியோடு ஒட்டிக் காணாமல் போகும். சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டில் இரண்டு முறைதான். மற்றது ஆகஸ்ட் கடைசி நாட்களில். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மத்தியான நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும். கொழும்பில் இருக்கும் மச்சாளோடு போனில் பேசி, அவர்கள் முற்றத்தில் நிழல் எப்போது காணாமல் போனது என்று கேட்டால், அங்கே சில நாள் முந்தியே நடந்திருக்கும். சூரியன் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வருகிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பரீட்சைக்காகப் பாடமாக்கும் எந்த வசனமும் இதற்கு ஈடாகாது.

மாரியில் மழை அளக்கலாம். நேரான பக்கங்கள் உள்ள பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகுங்கள். அடி நெளிந்திருக்கும், அதனால் சின்னக் கல் சில போட்டு நெளிவு மறையும்வரை தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தில் சுழியம் என்று கோடு கீறுங்கள். வெளியில் அடிமட்டத்தை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். ஒவ்வொரு நாள் காலையும் அளந்து எழுதிவிட்டு, கோடு வரை விட்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மழை விட்ட நாட்களில் முழுவதையும் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள், நுளம்பு முட்டையிட இடம் கொடுக்கக் கூடாது. தரம் 5 பிள்ளைக்கு மேலும் ஒன்று: ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். ஐந்து மீற்றர் நீளம், நாலு மீற்றர் அகலமான தகரக் கூரையில் 30 மில்லிமீற்றர் பெய்தால் 600 லீற்றர் வழிந்து போகிறது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாமல் போகும் ஊரில் பிள்ளை இந்தக் கணக்கை மறக்காது.

வெற்றிலைத் தட்டத்தில் விஞ்ஞானமும் இருக்கிறது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் பெரியவர் ஒரு துளி சுண்ணாம்பு சேர்க்கட்டும். ஆரத்திச் சிவப்பு வரும். தேசிக்காய் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பைப் பிள்ளை தொடக் கூடாது, கண்ணில் பட்டால் ஆபத்து. ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டால், உங்களுக்குத் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, ரீச்சரிட்டக் கேட்டுக்கொண்டு வந்து எனக்கும் சொல்லு" என்பது மிக நல்ல பதில். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, நெருப்புக்குச்சியிலும் சைக்கிள் வால்வு றப்பரிலும் கிழிந்த காகிதத்திலும் விளையாட்டுப் பொருள் செய்து பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் காட்டுவதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர். 2018 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. குப்பையை வைத்தே படிப்பிக்கலாம் என்பதை இவ்வளவு படித்த ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்.

ஆனால் வளவை விட்டு வெளியே போகும் செயற்பாடு எதுவானாலும் வன்னியில் ஒரு நிபந்தனை உண்டு. இலை சேர்க்க, பறவை பார்க்க, விதை பொறுக்க என்று பிள்ளையைத் தனியே பற்றைக்குள் அனுப்ப வேண்டாம். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடைச் சாசனத்தில் சேர்ந்தது. முகமாலை போன்ற இடங்களில் அகற்றும் வேலை நீண்டு சென்றது. அகற்றிய நிலத்திலும் மழை கழுவிய பிறகு பழைய வெடிபொருள் தலைகாட்டுவதுண்டு. பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டியது இது: துருப்பிடித்த, இன்னதென்று தெரியாத எந்தப் பொருளையும் தொடாதே, தட்டாதே, கல் எறியாதே, வந்த தடத்தாலேயே திரும்பி வா, பெரியவருக்குச் சொல். குளத்தடிக்கும் துருசடிக்கும் கூடப் பெரியவர் கூடவே போக வேண்டும்.

ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்தால் மூன்று மொழியும் அதில் இருக்கும். கடைக்குப் போகும் வழியில் ஒரு பெயர்ப்பலகை, நாளுக்கு ஓர் எழுத்து. ஒரு மாதத்தில் பிள்ளை தன் பெயரை மூன்று விதமாக எழுதும். சமயத்துக்குக் கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ போதும். கைவேலைக்குப் பனையோலை இருக்கிறது. கொக்கான் வெட்டும் பிள்ளைக்குக் கையும் கண்ணும் எண்ணும் சேர்ந்து பழகும். கிளித்தட்டு விளையாடும் பிள்ளையைப் "படிக்காமல் விளையாடுறாய்" என்று கூப்பிட வேண்டாம்.

இப்போது புலமைப்பரிசில். தரம் 3 பிள்ளைக்குக் கடந்தகால வினாத்தாள் கட்டு வாங்கிக் கொடுத்து, பள்ளிக்கூடம் விட்டதும் ரியூசன், ரியூசன் விட்டதும் வினாத்தாள் என்று ஓட்டுவது பிழை என்பதே என் உறுதியான எண்ணம். அந்தப் பரீட்சையின் முதலாம் பத்திரம் பார்ப்பது பிள்ளை யோசிக்கும் விதத்தை: வரிசையில் அடுத்தது எது, இவற்றில் சேராதது எது, யார் யாரைவிடப் பெரியவர். ஈர்க்குக் கட்டை அவிழ்த்த பிள்ளைக்கும் நிழலை மாதக்கணக்காகப் பார்த்த பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. வினாத்தாள் பழக்கம் தரம் 5 இல் வந்தால் போதும்.

எவ்வளவு நேரம்? பிள்ளைக்குக் களைப்பு வருவதற்கு முன் நிறுத்துங்கள். சின்ன வகுப்பென்றால் இருபது நிமிடம் தாராளம். சமைக்கும்போது, மாடு கட்டும்போது, வயலில் வரம்பில் இருக்கும்போது நடந்தால் அது தனி நேரமாகவும் தெரியாது. தரம் 8, 9 இல் படிக்கும் அண்ணா, அக்கா இருந்தால் அவர்களிடம் விடலாம், ஆனால் அடிக்கும் உரிமையைக் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் பிள்ளை நகரவில்லை என்றால் உடனே சோம்பல் என்று முடிவு கட்டாதீர்கள். புத்தகத்தை முகத்துக்குக் கிட்டப் பிடிக்கிறதா, பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறதா, கூப்பிட்டால் ஒரு காதைத் திருப்புகிறதா, காதில் சீழ் வந்ததா என்று பாருங்கள். வெடிச் சத்தத்துக்குள் வளர்ந்த தலைமுறை தன் காதைப் பற்றியே பேசாது. பிள்ளையின் காதைப் பற்றியாவது பேசுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை பாடசாலையில் மருத்துவப் பரிசோதனை நடத்தும் நாளில் பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். அதற்கு நாள் இருக்கிறது என்றால், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் கண்ணைக் காட்டக் காசு கேட்க மாட்டார்கள். போகும்போது பிள்ளையின் கொப்பியையும் கொண்டுபோங்கள். எந்த எழுத்தில் தடுமாறுகிறது, எவ்வளவு தூரத்தில் வைத்து வாசிக்கிறது என்பதை வைத்தியரிடமும் வகுப்பாசிரியரிடமும் காட்டிச் சொல்ல, வீட்டில் பக்கத்தில் இருந்து பார்த்த உங்களால்தான் முடியும்.